மாப்பிள்ளை நீட்டிய வாளி

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை என்றால் என் நாத்தனாரின் புருஷன். மாடியில் குடியிருக்கிறார். ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற தொழில். வேலையில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் மாடியில் தும்மினால் கீழே என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார், மாப்பிள்ளைக்குக் குளிர்கிறதோ என்று. தங்கையைக் கொடுத்த இடமாம், முகம் கோணக்கூடாதாம். கொடுத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இத்தனைக்கும் அவர் அவளை எங்கேயும் கூட்டிப்போகவில்லை, நம் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்.

மாமனார் கண்ணை மூடும்போது கீழ்தளம் மகனுக்கு, மாடி மகளுக்கு, பின்கட்டு இரண்டு பேருக்கும் சரிபாதி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்கட்டு என்றால் பெரிய தோட்டமெல்லாம் கிடையாது. சந்திலிருந்து ஒரு இரும்புக் கேட். கேட்டிலிருந்து என் சலூன் கதவு வரைக்கும் சிமெண்டுப் பாதை. பாதைக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளையின் செத்துப்போன ஃபிரிட்ஜுகள், இன்னொரு பக்கம் என் ஐந்து நெல்லிச் செடிகள்.

சலூன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் பின்னறைதான். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. பெண்களுக்கு மட்டும். இருபது வருஷமாகக் கத்திரி பிடிக்கிறேன். இந்தத் தெருவில் என்னிடம் தலையைக் கொடுக்காத பெண் இல்லை.

நெல்லி என்றால் மரமாக வளருமே, அது இல்லை. இது, கோடையில் காய்ந்து குளிர்காலத்தில் பனி கொட்டுகிற எங்கள் ஊருக்கு ஏற்ற இடுப்பு உயரப் புதர். கொம்புக்குக் கொம்பு முள். காய் கோலிக்குண்டு அளவில் வரும், பச்சைத் தோலில் வெளிர்க்கோடு ஓடும். கடித்தால் புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும், பழுத்தால் தித்திக்கும். காயைப் பற்றி இதெல்லாம் வாடிக்கைக்காரி ஒருத்தி நட்டுப் பாருங்கள் என்று ஐந்து குச்சிகளைக் கொடுத்தபோது சொன்னது. என் செடியில் நான் இதில் எதையும் பார்த்ததில்லை. ஆறு வருஷம் ஆகியும் காய் என்று பேருக்கு அங்கொன்று இங்கொன்று. இருந்தாலும் எனக்கு அந்தச் செடிகளைப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கீழ்வீடு என் வீட்டுக்காரரின் அப்பா கட்டியது. அடுக்களை மாமியார் வைத்துவிட்டுப் போன வரிசையில் இன்னும் இருக்கிறது. சலூனில் உட்காருகிற தலையெல்லாம் அடுத்தவர் தலை. நான் வைத்து, நான் தண்ணீர் ஊற்றி, நான் வளர்த்தது என்று சொல்லிக்கொள்ள அந்த ஐந்துதான் இருந்தது.

கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

“மச்சான், பின்னாடி ஒரு ஷெட் போட்டுரலாம்னு பாக்கறேன். சரக்கெல்லாம் மழையில நனையுது.”

“போட்டுரலாம் மாப்பிள்ள,” என்றார் என் வீட்டுக்காரர். எங்கே, எவ்வளவு, எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஓட்டுகிற மனுஷர். ரோட்டில் லாரிக்காரன் குறுக்கே வந்தால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவார். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் வாயில் கொழுக்கட்டை.

“எங்கண்ணே போடப் போறீங்க?” என்று நான் கேட்டேன்.

“அந்த முள்ளுப் புதர் இருக்குல்ல, அங்கதான்.”

“அது புதர் இல்ல. நெல்லி.”

“நெல்லின்னா காய்க்கணும்ல தங்கச்சி?” அவர் சிரித்தார். “ஆறு வருஷமா தின்னு கொழுத்து நிக்குது. ஒரு வாய்க்குப் பிரயோஜனம் உண்டா? வர்றவங்க போறவங்க சேலையக் கிழிக்கிறதுதான் மிச்சம்.”

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முடித்துவிடுவார். “அவளுக்கு அது ஒத்துக்காது.” “அவளுக்குத் தூக்கம் வந்துருச்சு.” அவளுக்குப் பசிப்பதைக்கூட அவர்தான் சொல்லுவார். சரியான ஊமைக்கோட்டான், புருஷன் பக்கம்தான் சாய்வாள் என்று அவள்மேலும் எனக்கு எரிச்சல்.

“காய்ச்சா விட்டுருவீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. எழுந்து போய்த் தன் வேனிலிருந்து ஒரு வாளியை எடுத்து வந்தார். ஏசியைக் கழுவும்போது அடியில் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற பெரிய வாளி. என் முன்னால் நீட்டினார்.

“நான் நியாயமான ஆளு. அடுத்த கோடையில இந்த வாளி நெறைய காய் காட்டு. ஷெட்டுன்ற வார்த்தையவே எடுக்க மாட்டேன். நெறையலன்னா நீயே கடப்பாரை எடுத்துக் கொடுக்கணும். சம்மதமா?”

“விடும்மா, எதுக்கு வீம்பு?” என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அந்த ‘வீம்பு’ என்ற வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. எழுந்து எச்சில் கையோடு வாளியை வாங்கிக்கொண்டேன்.

வாங்கியது வாங்கியாயிற்று. மறுநாள் காலையில் செடிகளின் முன்னால் போய் நின்றபோதுதான் என்ன வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது. ஐந்தும் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கும் தெரியுமா? உருண்டையாக, கச்சிதமாக, ஒரு இலை கூடக் குறையாமல். வாடிக்கைக்காரிகள் கேட்டைத் திறந்ததும் “செடிக்கே இப்படின்னா எங்களுக்கு எப்படி வெட்டுவீங்க!” என்பார்கள். ஆமாம், நான்தான் வெட்டுவேன். மாதம் தவறாமல், கிளை எங்கே தலையை நீட்டினாலும், அதே கத்திரியோடு போய் நுனியைக் கத்தரித்து உருட்டிவிடுவேன். சலூனில் பெருக்குகிற முடியையும் குப்பைக்குப் போடுவதில்லை. நல்ல உரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு முடி விடாமல் அவற்றின் காலடியில் புதைத்துவந்தேன். இவ்வளவு செய்தும் காய்க்க மாட்டேன் என்றால் என்ன திமிர்?

கோபத்தில் ஒவ்வொன்றாகக் கிளறினேன். நடுவில் கையை விட முடியவில்லை. இலைக்குள் இலை, அதற்குள் இலை, உள்ளே காற்றுக்கு வழியே இல்லை. மாவு தூவியது போல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கடைசிச் செடி மட்டும் தண்ணீர் மோட்டார் பெட்டியை ஒட்டி நிற்கிறது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துபோன பக்கத்துக்கு என் கத்திரி எட்டாது. அங்கே, சுவரோடு சுவராக, நான் ஒருநாளும் தொடாத ஒரு சாம்பல் நிறக் கிழட்டுக் கிளை. அதில், கோடை முடிந்து பழுத்து வெடித்து, யாரும் பார்க்காமல், வரிசையாகக் காய்.

நான் பொத்தென்று மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் கைவைத்த இடத்தில் எல்லாம் இலை. கைவைக்காத இடத்தில் மட்டும் காய். இருபது வருஷக் கத்திரிக்காரிக்கு இதைவிட என்ன செருப்படி வேண்டும்? தலைமுடிக்கு நுனியை வெட்டினால் அடர்த்தி கூடும், அழகு கூடும். அதையேதான் செடிக்கும் செய்தேன். செடியும் பாவம், வெட்ட வெட்ட அடர்த்தியைத்தான் காட்டியது. பழைய கொம்பில்தான் அது காய்க்கிறது. அந்தக் கொம்பு நின்று முற்றுவதற்கே நான் விட்டதில்லை.

அன்றைக்கே கத்திரியை உள்ளே வைத்தேன். முடி புதைப்பதையும் நிறுத்தினேன், அது இலைக்குத்தான் தீனி. தெருமுனை பேக்கரியில் விறகு அடுப்பு. அங்கே போய் சாம்பல் கேட்டேன். “என்னம்மா, புதுசா ஏதாவது தலைக்கு மருந்தா?” என்று பேக்கரிக்காரர் கேட்டார். “ஆமா, தலைக்கனத்துக்கு மருந்து,” என்று சொல்லி ஒரு சாக்கு வாங்கி வந்து செடிகளைச் சுற்றித் தூவினேன்.

குளிர்காலத்தில் இலை மொத்தமும் கொட்டியது. அப்போதுதான் நிஜமான வெட்டு. தோல் கையுறை மாட்டிக்கொண்டு, கிளை வெட்டும் பெரிய கத்திரியோடு உட்கார்ந்தேன். ஒன்றோடொன்று உரசுகிற கிளை, தரையில் படுத்துக்கிடப்பது, கறுத்துக் கட்டையாகிவிட்டது, எல்லாவற்றையும் அடியோடு எடுத்தேன். நடுவைத் திறந்துவிட்டேன், ஒரு கிண்ணம் போல. உள்ளே கையை விட்டு முள் குத்தாமல் வெளியே எடுக்கிற வரைக்கும் வெட்டு. மிச்சம் நின்ற நல்ல கிளைகளை அவை போன போக்கில் நீட்டிக்கொண்டிருக்க விட்டேன்.

பார்க்கக் கண்றாவியாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். பூகம்பத்தில் தப்பிய துடைப்பங்கள் ஐந்தை நட்டுவைத்தது போல் இருந்தது.

முதலில் வந்தது ரேடியோ அக்கா. தெருவில் நடப்பதை எல்லாம் ஒலிபரப்புகிற புண்ணியவதி, அதனால் அந்தப் பேர். கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அடியே, செடிக்கு என்ன பேதியாயிடுச்சா?”

“வெட்டினேன் அக்கா.”

“நீயா வெட்டினே? சத்தியமா?” தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அடுத்த வாரம் வெட்டிக்கலாம்டி. அவசரமில்ல.”

அதோடு விட்டாளா? ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. எனக்குக் கை நடுங்குகிறதாம், கண் மங்கிவிட்டதாம், புருஷனோடு சண்டையாம். கல்யாணத்துக்கு முடி திருத்த வரவேண்டிய ஒரு பெண் வேறு சலூனுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை தினமும் வேனை எடுக்கும்போது, “என்ன தங்கச்சி, என் வேலையில பாதிய நீயே முடிச்சிட்ட போல?” என்று கேட்டுவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர்கூட ஒருநாள் மெல்ல, “கொஞ்சம் உருட்டி விட்டுரேன், பாக்கறதுக்காவது நல்லா இருக்கும்,” என்றார்.

“பாக்கறவங்க கண்ணை மூடிக்கட்டும்,” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, துளிர்விட்டபோது என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு கிளை தெற்கே போகும், ஒன்று மேலே போகும், ஒன்று பாதைக்குள் நீட்டும். சலூன் ஜன்னலில் நின்று பார்த்தால் கை அரிக்கும். ஒரு நாள் கத்திரியோடு வாசல்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். முடியாது போடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் சிரிக்கட்டும், நான் வெட்ட மாட்டேன்.

செடி வளர்ப்பதில் பாதி வேலை செடியோடு இல்லை, மற்றவர்களோடு. மொட்டு வெடிக்குமுன் குருவிகள் வந்து ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்றன. பழைய வலைத் திரைச்சீலையை எடுத்துப் போர்த்தினேன். பூ வந்ததும் திரையை எடுத்தேன், இல்லாவிட்டால் தேனீ எப்படி உள்ளே போகும்? பூ என்றால் பூ போலவே இருக்காது. இலைக்கடியில் மங்கலாகத் தொங்கும், தேடினால்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு சாயங்காலம் காற்று திடீரென்று ஊசியாகக் குத்தியது. விடிந்தால் பனி கொட்டி, பூவெல்லாம் கருகிவிடும். என்ன செய்வது என்று ஓடினேன். சலூனில் வாடிக்கைக்காரிகளுக்குக் கழுத்தைச் சுற்றிப் போர்த்துகிற துணிகள் கைக்கு வந்தன. ஐந்துக்கும் போர்த்தி, துணி கிளிப்பால் இறுக்கினேன். முடி வெட்ட வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் மாதிரியே இருந்தன. எனக்கே சிரிப்பு வந்தது. பூ தப்பித்தது.

பிஞ்சு பிடித்தது. நான் வானத்தில் மிதந்தேன். அதற்குள் புழு வந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் பச்சையாக இருந்த செடி, காலையில் நடுவில் வெறும் நரம்பாக நின்றது. பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த புழு, இலை விளிம்பைச் சுற்றி வரிசையாகத் தொங்கிக்கொண்டு தின்கிறது. ஒரு நாள் விட்டால் ஐந்து செடியும் மொட்டை, இலை போனால் பிஞ்சும் கொட்டும். நான் ஒரு கிண்ணத்தில் ஷாம்பூ தண்ணீர் கலந்துகொண்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுவுக்காக அழுத ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

“அண்ணி, அடியில பாருங்க. மேல இருக்கிறத விட அடியிலதான் நெறைய.”

திரும்பினால் நாத்தனார். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எப்போது இறங்கி வந்தாள் என்றே தெரியவில்லை.

“நீ ஏன் வந்தே? உன் வீட்டுக்காரரு பாத்தா திட்டப் போறாரு.”

“அவரு வேலைக்குப் போயிட்டாரு.” இலையைத் திருப்பிக் காட்டினாள். நரம்போரமாக வெள்ளை வெள்ளையாக முட்டை. “இதையும் நசுக்கணும். இல்லன்னா நாளைக்கு மறுபடியும்.”

அவளுக்குக் கண் கூர்மை. நான் இரண்டு பிடிப்பதற்குள் அவள் ஐந்து பிடித்தாள். கையுறை போடச் சொன்னால், போட்டால் முட்டை தெரியாது என்று வெறுங்கையோடு முள்ளுக்குள் விட்டாள். தினமும் வேன் சந்துமுனையைத் தாண்டியதும் இறங்கி வருவாள். ஒரு வாரத்தில் கை முழுக்கக் கீறல்.

“இத அவரு பாக்கலியா?” என்று கேட்டேன்.

“பாத்தாரு. பூனை பிறாண்டிருச்சுன்னேன்.”

“நம்ம வீட்டுல ஏது பூனை?”

“அவரு கேக்கல,” என்றாள். அதைக் கேட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

புழு ஒழிந்தது. பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் நான் இன்னொரு காரியம் செய்தேன். ஒன்று விட்டு ஒன்றாகக் கிள்ளி எடுத்தேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“உனக்கென்ன மறை கழண்டுடுச்சா? வாளிய நெரப்பணும்னு நீயே பந்தயம் கட்டிட்டு நீயே பிச்சுப் போடுறே!”

“கூட்டமா நின்னா எல்லாம் சுண்டக்காயாத்தான் நிக்கும். நெரிசல் உங்களுக்குத் தெரியாதா? நீங்க பஸ்ஸுல ஆளை ஏத்தற மாதிரி இதுல ஏத்த முடியாது.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

பிறகு காய்த்தது பாருங்கள். எப்படிச் சொல்ல? கிளை கிளையாக, அடிக்கொம்பிலிருந்து நுனி வரைக்கும், வரிசை பிடித்துத் தொங்கியது. பாரம் தாங்காமல் இரண்டு கிளைக்குக் கயிறு கட்டினேன். ரேடியோ அக்கா வந்து பார்த்துவிட்டு முடி வெட்டிக்கொள்ள முன்பதிவு செய்துவிட்டுப் போனாள். காயைக் கையில் பிடித்தால் மெத்தென்று நெகிழ்கிற பக்குவம் வந்ததும் நானும் நாத்தனாரும் பறித்தோம். வாளி நிறைந்தது. குவித்துவைத்து, விளிம்பில் உருண்டு விழுகிற அளவுக்கு நிறைந்தது. இன்னும் செடியில் பாதி இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார். மாப்பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் வைத்தேன்.

“அடேங்கப்பா,” என்றார். ஒன்றை எடுத்துக் கடித்தார். “இனிப்பாத்தான் இருக்கு. பரவாயில்லியே தங்கச்சி!”

“அப்ப ஷெட்டு?”

“ஷெட்டா? நாளைக்குக் காலையில ஆளு வருதே.” இன்னொன்றை எடுத்துக் கடித்தார். “தகரம் வெட்டச் சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு.”

“வாளி நெறைஞ்சா ஷெட்டுன்ற வார்த்தையவே எடுக்க மாட்டேன்னீங்களே?”

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. நீ அத இவ்வளவு பெருசா எடுத்துக்குவேன்னு யாருக்குத் தெரியும்? அதான் காய்ச்சிருச்சே, ஆசை தீர்ந்துச்சு. இதோட எடுத்துட்டா என்ன?”

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே, “வேணும்னா தொட்டியில வெச்சுக்கலாம்மா. ரெண்டு தொட்டி நானே வாங்கித் தரேன்,” என்றார். நாத்தனார் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

“ஒரு கிளை மேல கை வெச்சுப் பாருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். வாளியை அங்கேயே விட்டுவிட்டேன். அவர் வாளிதானே.

மறுநாள் விடிந்ததும் சலூன் நாற்காலி இரண்டையும் பின்கட்டுக்கு இழுத்துப் போட்டேன். சிமெண்டுப் பாதையில், செடிகளுக்கு முன்னால், வரிசையாக. கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் சாய்த்தேன். முதல் ஆளாக ரேடியோ அக்கா வந்தாள்.

“என்னடி, கடை வெளியே வந்துடுச்சு?”

“இன்னிக்கு இங்கதான் வெட்டு. உக்காருங்க அக்கா.”

உட்கார்ந்தாள். போர்த்தி, கிளிப் போட்டு, தலையை நனைத்தேன். கடப்பாரை, மண்வெட்டியோடு இரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். பாதையில் நாற்காலி. நாற்காலியில் ஈரத்தலையோடு ஒரு பெண். பின்னால் கத்திரியோடு நான். அவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கொஞ்சம் நகந்துக்கிட்டீங்கன்னா…” என்றார் மூத்தவர்.

“முடியாதுங்க. கஸ்டமர் இருக்காங்க. அப்புறம் இன்னொருத்தங்க வருவாங்க. அதுக்கப்புறம் இன்னொருத்தங்க. இன்னிக்கு முழுக்க முடியாது. நாளைக்கும் முடியாது.”

“சத்தியமா நான் எந்திரிக்க மாட்டேன்,” என்று ரேடியோ அக்கா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். அவளுக்கு ஒரு வருஷத்துக்கு ஒலிபரப்ப விஷயம் கிடைத்துவிட்டது, சும்மா எழுந்து போவாளா?

மாப்பிள்ளை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். பின்னாலேயே என் வீட்டுக்காரர், பஸ்ஸுக்குப் போகிற சீருடையில், சட்டையைப் பாதி செருகிக்கொண்டு.

“என்ன கூத்து இது? தெருவே பாக்குது!”

“பாக்கட்டும்.”

“மச்சான், சொல்லி வையுங்க. நான் மரியாதையா இருக்கேன்.”

“ஏம்மா…” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க வேலைக்குப் போங்க. வாளி நெறைய காய் காட்டச் சொன்னாரு, காட்டிட்டேன். பந்தயம்னா பந்தயம். நான் ஜெயிச்சேன். இந்த எடம் என்னுது. யாரும் அசைக்க முடியாது.”

“உன்னுதா?” மாப்பிள்ளையின் குரல் ஏறியது. “இதுல பாதி என் பொண்டாட்டி பேருல இருக்கு! அந்தப் பாதியிலதான் ஷெட்டு போடறேன். உன் சம்மதம் எவனுக்கு வேணும்?”

“நல்லா இருக்கு நியாயம்! அப்ப எதுக்கு வாளியக் கொடுத்தீங்க?”

“என்னை யாரும் கேக்கலியே,” என்றது ஒரு குரல்.

நாத்தனார் கடைசிப் படியில் நின்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் நிறுத்திவிட்டோம். நான் ரேடியோ அக்காவின் முடியை விரலிடுக்கில் பிடித்தபடி நின்றேன்.

“என் பாதியில ஷெட்டு போடறேன்றீங்க. நீங்க என்னடான்னா,” என்று என் பக்கம் திரும்பினாள், “அதே பாதிய வெச்சுப் பந்தயம் கட்டினீங்க அண்ணி. அன்னிக்குச் சாப்பாட்டுல நானும்தான் உக்காந்திருந்தேன். ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அவளுக்கு என்ன தெரியும், காலையிலேர்ந்து அவளுக்குத் தலை…” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

“நான் இன்னும் முடிக்கல.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த வாய் மூடாமலே நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் இறங்கி வந்து செடிகளுக்கு நடுவே நின்றாள். கீறல் விழுந்த கையால் ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்தாள். “எனக்கு ஷெட்டு வேணாம். பாதியிலயும் வேணாம், முழுசுலயும் வேணாம். ஏங்க, அவங்களப் போகச் சொல்லுங்க.” கடப்பாரைக்காரர்கள் யாரும் சொல்வதற்குள் மெல்ல கேட் பக்கம் நகர்ந்தார்கள். மாப்பிள்ளை, “மேல வா, பேசிக்கலாம்,” என்றார். “இங்கயே பேசியாச்சு,” என்றாள் அவள். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பழக்க தோஷம். என் வீட்டுக்காரர் சட்டையை முழுசாகச் செருகினார். “எடம் அவ எடம் மாப்பிள்ள. அவதான் சொல்லணும்,” என்றார். மாப்பிள்ளை விறுவிறுவென்று வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவள் இடம் கொடுக்கவில்லை.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? வாளி நெறையாம போயிருந்தா நீங்களே கடப்பாரை எடுத்துக் கொடுத்திருப்பீங்க, இல்ல?”

கொடுத்திருப்பேன். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று வீம்பாக நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருப்பேன். அது சுருக்கென்று தைத்தது. காய்த்தால்தான் இருக்கலாம் என்று அவர் சொன்னதை நானும் சரி என்றுதானே வாளியைக் கையில் வாங்கினேன்? அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்க அந்த நியாயத்துக்குத்தான் உழைத்திருக்கிறேன்.

“நான் கொடுத்திருக்க மாட்டேன்,” என்றாள். “ஒத்தக் காய் இல்லன்னாலும் கொடுத்திருக்க மாட்டேன். அதுக்கா அத்தனை புழுவப் பொறுக்கினேன்?”

ரேடியோ அக்கா தலையில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே என் பாதியில கத்திரி வெக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டுட்டு வெய்யுங்க.”

“சரி,” என்றேன். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேருக்குச் சரி சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக ஒருவருக்கும் சொன்னதில்லை.